மருந்தின் நான்காம் கூறு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘முன்னேற்றம்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் என்னைப் பணித்தார். பல்கலைக்கழகத்திற் படிக்கும் ஒருவன் ‘படியுங்கள், ஏறுங்கள், உயருங்கள்’ என்றுதான் பேசுவான் என அவர் எண்ணியிருக்கக்கூடும். நானோ, ஏற மறுத்த ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். அவர் என் சின்னம்மா.

சின்னம்மா நம் தீவின் கரையோரப் பிரிவொன்றிற் குடும்பநல உத்தியோகத்தர். ஊரார் வாயில் இன்றும் ‘மருத்துவிச்சி’தான். பதினெட்டு மாதப் பயிற்சி பெற்று, ஏறக்குறைய மூவாயிரம் பேர் வாழும் பிரிவொன்றைப் பொறுப்பேற்பது இவ்வுத்தியோகத்தின் முறை. கருவுற்ற தாய்மாரைப் பதிவது, வீடு வீடாகச் சென்று பார்ப்பது, பிள்ளைகளை நிறுப்பது, தடுப்பூசி நாளை நினைவூட்டுவது, திரிபோஷா கொடுப்பது யாவும் அவர் கடமை. இந்து வீடு, கத்தோலிக்க வீடு, முஸ்லிம் வீடு என்ற பேதம் அவர் கொப்பியில் இல்லை. இருபது ஆண்டுகளாக இதே பணி, இதே மணல், இதே வெயில்.

வீட்டிலோ ஓயாத நெருக்குதல். “மேற்பார்வை உத்தியோகத்துக்கு எழுது” என்பார் ஒருவர். “வெளிநாடு போனால் இதைப்போலப் பத்து மடங்கு உழைக்கலாம்” என்பார் இன்னொருவர். திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஒரே கேள்வி: “இன்னும் அதே வேலைதானா?” அவ்வாறு கேட்டவருள் நானும் ஒருவன். விண்ணப்பப் படிவத்தை நானே நிரப்பிக் கையொப்பம் மட்டும் இடும்படி அவர் முன் வைத்தேன். அவர் சிரித்துவிட்டு, “தம்பி, மேலே போனால் மற்றவை எழுதின கொப்பியைப் பார்க்கிற வேலை. அதுவும் வேணும்; அதுக்கு ஆக்கள் இருக்கினம். எனக்கு இந்த வீடுகளுக்குப் போறதுதான் விருப்பம்” என்றார்.

அவர் விடை எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்காததோடு வெட்கமும் இருந்தது. விடுதியில் நண்பர்கள் கேட்டபோது, “சின்னம்மா சுகாதாரப் பகுதியில் பெரிய உத்தியோகம்” என்று பொய் சொன்னேன். சபையோர் முன்னிலையில் அதனை இன்று ஒப்புக்கொள்கின்றேன்.

சென்ற விடுமுறையில் ஒரு நாள் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்றேன். கரையோரத்துக் குடிசையொன்றில் எட்டு மாதக் கர்ப்பிணியொருத்தி தலையிடியென்று படுத்திருந்தாள். “வெயிற் தலையிடி, தேத்தண்ணி குடிச்சால் போகும்” என்றனர் வீட்டார். சின்னம்மா அவள் காலருகே அமர்ந்து, கணுக்காலிற் பெருவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பின்னும் பள்ளம் மாறவில்லை. “கண் மங்கலா இருக்கோ பிள்ளை?” என்று கேட்டு, இரத்த அழுத்தத்தை அளந்தார். மறு வார்த்தை பேசாது வாகனம் ஒழுங்கு செய்து, அவளை வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தார். கருவுற்ற காலத்தில் அழுத்தம் ஏறினால் வலிப்பு வந்து தாயும் சேயும் மடியக்கூடும் என்பதை வழியிலேதான் எனக்கு விளக்கினார். இருவரும் பிழைத்தனர். “டொக்டர் காப்பாற்றிவிட்டார்” என்றது ஊர். அது உண்மையே. ஆனால், அந்தக் காலை அழுத்திப் பார்த்த விரல் இல்லையேல் டொக்டருக்கு அவளைக் காப்பாற்ற நேரம் ஏது?

அன்பர்களே, இதனை ஒரு வீட்டுக் கதையென்று ஒதுக்க வேண்டாம். 1930களில் இலங்கையில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். இன்று அத்தொகை சில பத்துகளாகச் சுருங்கிவிட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல் வீடு தேடிச் சென்ற மருத்துவிச்சிகள் அதற்கு ஒரு பெருங் காரணம். மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், மலேரியாவைப் பரப்பவல்ல புதியதோர் நுளம்பினம் நம் மன்னாரிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றை எட்டிப் பார்த்துக் குடம்பியைத் தேடுவோர் இல்லையெனின், அறிவிப்புப் பத்திரம் எத்தனை நாள் நிற்கும்?

நான் மிஷன் பாடசாலையிற் பயின்றவன். விளக்கேந்திய மாதாகிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1854இல் ஸ்குட்டாரிக்குச் சென்ற வரலாற்றை அங்கே படித்தேன். அவருடன் முப்பத்தெட்டுப் பெண்கள் சென்றனர். அவர்களுள் ஒருவர் பெயரையும் நாங்கள் கேட்டதில்லை. நம் முன்னோரோ இப்பணியாளரை மறக்கவில்லை. திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்காக வகுத்தார்: நோயாளி, தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன். சரகரும் இந்நான்கையே கூறி, பணிவிடை அறிவு, திறமை, அன்பு, தூய்மை என்பவற்றை அந்நான்காமவர்க்கு இலக்கணமாக்கினார். நான்காம் கூறு என்பது நான்காந்தரம் அன்று. நாற்காலியின் நான்காங் கால் அது!

அப்பர் சுவாமிகளை நினையுங்கள். தருமசேனர் என்னும் பெயரோடு சமணர் தலைவராய்ப் பெரும் பதவியில் இருந்தவர். சூலை நோய் வந்தபோது அவர் நாடி வந்தது யாரை? திருவதிகையிற் கோயிலைக் கூட்டி மெழுகித் தொண்டு செய்த தமக்கை திலகவதியாரையே. பின்னர் அவரும் உழவாரத்தைக் கையில் எடுத்தார். அதை இறக்கமென்று சொல்ல நம்மில் யாருக்கேனும் நாவெழுமா?

ஆயினும் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகின்றேன். ‘போதும்’ என்பது தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தை; பிறர்க்கு விதிக்கும் வார்த்தையன்று. ஏற விரும்பும் பிள்ளையைப் பார்த்து, “உனக்கு இது போதும்” என்பது திருப்தியன்று, அநீதி. நியாயமான சம்பளம் கேட்பவரிடம், “சேவைக்கு ஏன் கூலி?” என்பதும் அவ்வாறே. சோம்பலும் திருப்தி ஆகாது. சின்னம்மா இன்றும் ஒவ்வொரு பயிற்சி வகுப்புக்கும் முதல் ஆளாய்ச் செல்கின்றார். அவர் வேண்டாமென்றது பதவியை, படிப்பையன்று.

ஆகவே பெரியோர்களே, நல்ல பணியில் உவந்து நிற்பவரைக் கண்டால், “அடுத்தது என்ன?” என்று கேளாதீர்கள். “இன்று யாரைப் பார்த்தாய்?” என்று கேளுங்கள். இளைஞர்களே, ஏறுவோர் ஏறுங்கள். ஆனால் எதற்காக ஏறுகின்றோம் என்பதை அறிந்து ஏறுங்கள்.

விடுதிக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பொய்யைத் திருத்தியது. “என் சின்னம்மா மருத்துவிச்சி” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கிருந்த பெருமையை எந்தப் பட்டமும் தருமென்று நான் நினைக்கவில்லை.