லாரிக் கூலி மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் இரண்டோடு நிறுத்திக் கொண்டார்கள். அவர்களுக்கு பாங்க் உத்தியோகம் இல்லை. இருந்திருந்தால் "ஊர் மாறிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் நான் ஆறு ஊர் மாறினேன். சென்னையிலிருந்து டில்லிக்குப் போனேன், திரும்பியும் வந்தேன். செயலாளர் போன் செய்து, "சார், நிதித் திட்டமிடல் பற்றி ஏதாவது பேசுங்க" என்றார். பங்குச் சந்தை பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஊர் மாறும் கணக்கு. அதைச் சொல்கிறேன்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. நகைக் கடன் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த வருடங்களில் மே, ஜூன் வந்தால் ஒரு வகைக் கூட்டம் வரும். வேலை கிடைத்தவர்கள், மாற்றலாகிப் போகிறவர்கள். எல்லாரும் சம்பளக்காரர்கள்தான். சிலருக்குச் சம்பளம் கூடியும் இருக்கும். "ரெண்டு மாசத்துல திருப்பிடுவேன் சார்" என்று சொல்லிக்கொண்டே மனைவியின் சங்கிலியைக் கவுண்டரில் வைப்பார்கள். அந்த அம்மா பக்கத்தில் நின்று வேறு எங்கோ பார்த்துக் கொண்டிருப்பார். வருமானம் உள்ள குடும்பத்துக்கு ஏன் இந்த நிலைமை? அவர்களிடம் பேசிப் பேசி நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். அவர்கள் தொகைக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். தேதிக்குக் கணக்குப் போடவில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு

சென்னையிலிருந்து டில்லிக்குப் போகும் நால்வர் குடும்பம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். நான் சொல்லும் தொகைகள் கணக்குக்காகத்தான்; உங்கள் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

டில்லியில் வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத முன்பணம் 40,000. முதல் மாத வாடகை 20,000. புரோக்கருக்கு அரை மாத வாடகை 10,000. ஆக 70,000. சாமான் கட்டும் கூலி, லாரி, இன்ஷூரன்ஸ், வரி எல்லாம் சேர்த்து 45,000. குடும்பம் ரயிலில் போக, முதல் வாரம் சாப்பிட 15,000. கேஸ் டெபாசிட், திரைச்சீலை, பக்கெட், பல்பு என்று புது வீடு கேட்பது 20,000. பிள்ளைகள் பள்ளிக்கூடச் சேர்க்கை 30,000. மொத்தம் 1,80,000 ரூபாய்.

லாரிக்காரருக்குப் போவது இதில் நாலில் ஒரு பங்கு. ஆனால் "டில்லிக்கு மாற எவ்வளவு ஆகும்?" என்று நாம் கேட்பது லாரிக்காரரை மட்டும்தான்!

இனித் தேதிக்கு வருவோம். சென்னை வீட்டுக்காரரிடம் 75,000 ரூபாய் முன்பணம் இருக்கிறது. அது எப்போது வரும்? வீட்டைக் காலி செய்து, சாவி கொடுத்து, அவர் வெள்ளையடித்துக் கரண்ட் பில் பார்த்த பிறகு. டில்லி வீட்டுக்காரருக்கு எப்போது கொடுக்க வேண்டும்? சாவி வாங்கும் முன்பே. பழைய கம்பெனியில் கணக்கு முடித்துத் தரும் பணம் வரச் சில வாரங்கள் ஆகும். புதிய சம்பளம் ஜூன் கடைசியில். ஆக, மே 20க்கும் ஜூன் 30க்கும் நடுவில் 1,80,000 வெளியே போகிறது, உள்ளே ஒன்றும் வரவில்லை. ஜூன் மாதச் சாப்பாட்டுச் செலவு வேறு. ஆகஸ்டில் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் சங்கிலி ஜூனில் போய்விடுகிறது!

ஆகவே நோட்டில் "செலவு, தொகை" என்று இரண்டு பத்தி போதாது. தேதி, வரவு, செலவு, கையிருப்பு என்று நான்கு பத்தி போடுங்கள். கையிருப்புப் பத்தி எந்தத் தேதியில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறதோ, அந்தத் தேதிக்கு இப்போதே வழி தேடுங்கள். அந்தத் தேதி இரண்டு மாதம் முன்னால் தெரிந்தால் பி.எஃப். முன்பணம் கேட்கலாம், வைப்பு நிதியின் மேல் கடன் வாங்கலாம், புதிய கம்பெனியிடம் பேசலாம். இரண்டு நாள் முன்னால் தெரிந்தால் அடகுக் கடைதான்.

வீட்டுக்காரரிடம் காலி செய்யும் நோட்டீசை எழுத்தில் கொடுங்கள். முன்பணம் திரும்பும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். சென்னையில் பத்து மாத முன்பணம் என்பது பழைய வழக்கம். தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், 2019 முதல் நடைமுறையில் இருப்பது, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. முன்பணம் குறைந்தால் நடுவில் மாட்டிக்கொள்ளும் பணமும் குறையும்.

எதை எடுப்பது, எதை விடுவது

வீட்டில் சண்டை வரும் இடம் இது. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று தொகை எழுதுங்கள். இங்கே விற்றால் என்ன வரும்? அங்கே வாங்கினால் என்ன ஆகும்? கொண்டு போக என்ன ஆகும்? பெரும்பாலான கம்பெனிகள் சாமான் அடைக்கும் இடத்தைப் பார்த்துத்தான் கூலி சொல்கின்றன. எடையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி எக்கச்சக்கமாக இடம் அடைக்கும். பழைய ஸ்டீல் பீரோவை டில்லிக்குத் தூக்கிப் போகும் காசில் அங்கேயே ஒன்று வாங்கிவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அதை எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாவற்றுக்கும் விலை போட்டால் வீட்டில் இருக்க முடியாது.

டில்லி என்றால் இன்னொன்று. எந்த மாதம் போய் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். ஜூனில் போனால் கூலர் இல்லாமல் தூங்க முடியாது. டிசம்பரில் போனால் ரஜாய், கம்பளி, வெந்நீருக்குக் கீஸர். சென்னையில் நாம் வாங்கியே பழகாத பொருள்கள் இவை. பட்ஜெட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள்.

நல்ல நாள் விஷயம். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு மாற மாட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் சாமான் தூக்குகிறவர்களுக்குக் கிராக்கி. மாதக் கடைசியில் இன்னும் கிராக்கி. நல்ல நாளில் பாலைக் காய்ச்சிவிட்டுச் சாமானைப் பிறகு கொண்டு போகலாம் என்பது நம் வழக்கம். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பால் காய்ச்சிய நாளிலிருந்து வாடகை ஓடுகிறது என்பதையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

லாரியும் காகிதமும்

சென்னை டில்லி தூரம் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஒன்றரை நாளில் கொண்டு சேர்த்துவிடும். சாமான் வர ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முழு லாரி நேரே போகும். பார்ட் லோடு என்றால் கூலி குறைவு. ஆனால் கோடவுனில் இறக்கி வேறு லாரியில் ஏற்றுவார்கள், நாளும் கூடும், அடியும் படும். டில்லிக்குள் பகலில் பெரிய லாரிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. எல்லையில் இறக்கிச் சின்ன வண்டியில் ஏற்றினால் அந்தக் கூலி யாருடையது? இங்கே குட்டி யானை என்கிறோமே, அந்த வண்டிக்கான கூலி. மூன்றாவது மாடிக்குத் தூக்கும் கூலி யாருடையது? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் தொகை சொல்கிறவரைவிட, வீட்டுக்கு நேரில் வந்து பீரோவைத் திறந்து பார்த்து எழுதித் தருகிறவர் மேல்.

எனக்கே நடந்தது. ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். டில்லியில் வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, "வழியில வரி கட்டியிருக்கோம், இன்னும் 8,000 கொடுத்தாத்தான் இறக்குவோம்" என்றார்கள். எழுதி வாங்கிய காகிதத்தை நீட்டினேன். "ரசீது காட்டுங்க, கொடுக்கறேன்" என்றேன். ஒரு மணி நேரம் கழித்து இறக்கினார்கள். இப்போது "ஈ-வே பில்லுக்குக் காசு" என்று கேட்பதாகவும் கேள்விப்படுகிறேன். நாம் உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில் தேவையில்லை.

இன்ஷூரன்ஸ் என்று பில்லில் ஒரு வரி எழுதிக் காசு வாங்குவது வேறு. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசி நம் பெயரில் கைக்கு வருவது வேறு. பாலிசியைக் கண்ணால் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, கூடுதல் மதிப்பை எழுதிக்கொடுத்து அதற்குரிய கட்டணம் செலுத்தாவிட்டால், சரக்குக்கு அவர்களுடைய பொறுப்பு ஓர் எல்லையோடு நின்றுவிடும். வழக்குப் போடுவதானால், சரக்கு பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே சாமான் பட்டியலில் ஒரு பிரதி, ஏற்றும் முன் எடுத்த போட்டோ, சரக்கு ரசீது மூன்றும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

நகை, அசல் சர்டிபிகேட், வீட்டுப் பத்திரம், ஒரு மாத மருந்து, மருத்துவர் சீட்டு இவை லாரி ஏறக் கூடாது. ஒரு குக்கர், இரண்டு பாத்திரம், போர்வை உங்களோடு ரயிலில் வரட்டும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். நாலு பேருக்கு 160 கிலோ; ஒரு வாரக் குடித்தனத்துக்குத் தாராளம்.

மறந்துபோகும் சில்லறைகள்

சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டிரான்ஸ்பர் வவுச்சர் வாங்குங்கள். திரும்பி வருவது அன்று கட்டிய டெபாசிட். அங்கே கட்டப்போவது இன்றைய டெபாசிட். வித்தியாசம் கைக்காசு.

வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இங்கே ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபனை இல்லை என்ற சான்று, கடன் இருந்தால் பாங்கின் சம்மதம், அங்கே சாலை வரி. பழைய வண்டிகளுக்கு டில்லியில் தனி விதிகள் உண்டு, அவை மாறிக்கொண்டும் இருக்கின்றன. அன்றைய விதி என்னவென்று கேட்காமல் வண்டியை ஏற்றாதீர்கள்.

பாங்க் லாக்கரைக் கிளை விட்டுக் கிளை மாற்றிக்கொள்ள முடியாது. காலி செய்துதான் போக வேண்டும். அந்த நாளைப் பயணத்துக்கு முதல் நாளாக வைக்காதீர்கள்; வேறு நூறு வேலை இருக்கும்.

பள்ளிக்கூடம் எல்லாவற்றையும்விட முக்கியம். நம் ஊரில் ஜூன் என்றால் டில்லியில் ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிடும். சி.பி.எஸ்.இ.யில் 9, 11ஆம் வகுப்பிலேயே பொதுத் தேர்வுக்கான பதிவு நடந்துவிடுகிறது. ஆகவே 10, 12க்குப் போகும் பிள்ளை இருந்தால் நன்றாக யோசியுங்கள். ஒரு வருடம் குடும்பம் இங்கே, அப்பா அங்கே என்று இருப்பவர்கள் நிறைய. இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு, அதுவும் பட்ஜெட்தான். டில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் பல பகுதிகளில் இருக்கின்றன. வீடு பார்க்கும் முன் பள்ளியைப் பார்த்துவிட்டால், பஸ் கட்டணமும் பிள்ளையின் தூக்கமும் மிச்சம்.

மாணவச் செல்வங்களுக்கு

உங்களுக்குப் பீரோவும் இல்லை, அண்டாவும் இல்லை. இரண்டு பெட்டியோடு கிளம்பிவிடுவீர்கள். ஆனால் தேதிக் கணக்கு உங்களுக்கும் உண்டு. ஹாஸ்டலிலோ பி.ஜி.யிலோ முன்பணம் முதல் நாளே கேட்பார்கள். மாதத்தின் பின் பாதியில் சேர்ந்தால் பல கம்பெனிகளில் முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான். ஆகவே கையில் 45 நாள் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் பணம் வேண்டும். ஊர் மாற்றும் படி உண்டா, முன்னால் தருவார்களா, பில் கொடுத்த பிறகா, ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கேட்பார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. அப்பா வட்டிக்கு வாங்கி அனுப்புவதைவிட, நீங்கள் ஒரு கேள்வி கேட்பது மேல்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, நாம் வருடா வருடம் கூடுகிறோம், சாப்பிடுகிறோம், போட்டோ எடுக்கிறோம். நல்லதுதான். இந்த ஆண்டு இரண்டு காரியம் செய்வோமா?

ஒன்று, ஊர்வாரியாக ஒரு பட்டியல். டில்லி, பம்பாய், பூனா, ஹைதராபாத் என்று எந்த ஊரில் நம் ஆள் யார் இருக்கிறார், புதிதாக வரும் பிள்ளைக்கு ஒரு வாரம் இடம் கொடுக்க முடியுமா, வீடு பார்க்கக் கூட வர முடியுமா என்று சம்மதம் கேட்டுச் சங்க அலுவலகத்தில் வைப்போம்.

இரண்டு, ஒரு சுழல் நிதி. பத்துப் பேர் ஆளுக்கு 20,000 போட்டால் இரண்டு லட்சம். முதல் வேலைக்குப் போகும் நான்கு பிள்ளைகளுக்கு 50,000 வீதம் வட்டியில்லாமல் கொடுக்கலாம். சம்பளம் வந்ததும் ஆறு தவணையில் திருப்பட்டும். அடுத்த நால்வருக்குப் போகட்டும். இது தர்மம் ஆகாது. வரப்போகும் பணத்துக்கும் தரவேண்டிய தேதிக்கும் நடுவே ஒரு பலகை, அவ்வளவுதான். கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பல சங்கிலிகளை எடை போட்டவன் சொல்கிறேன்: பல வீடுகளுக்குத் தேவைப்பட்டது அந்தப் பலகை மட்டுமே.

முதல் 20,000 ரூபாய்க்கான காசோலையைச் செயலாளரிடம் இன்று கொடுத்துவிட்டேன். மீதி ஒன்பது பேர் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். சாப்பாட்டு வரிசையில் சந்திக்கிறேன்.