சிறுநீரகமும் குருதிக் குழாய்களும்



சிறுநீரக நோய் என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவது, இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இருமருங்கிலும் அமைந்த இரண்டு உறுப்புக்களின் உருவமே. அவை பழுதுற்றாற் கழிவு தேங்கும், கால் வீங்கும், ஈற்றில் இயந்திரத்தின் துணையை நாட வேண்டிவரும் என்ற அளவில் நமது அறிவு நின்றுவிடுகின்றது. ஆயின், நாட்பட்ட சிறுநீரக நோயுடையோரிற் பலர் இயந்திரச் சிகிச்சை வேண்டப்படும் கட்டத்தை அடையுமுன்னரே மாரடைப்பினாலும், பாரிசவாதத்தினாலும், இருதயத் தளர்ச்சியினாலும் இறந்துபடுகின்றனர். சிறுநீரகத்தைப் பிடித்த நோய் இருதயத்தின் வாயிலாக உயிரைக் கவர்வது எங்ஙனம்? நான் மருத்துவன் அல்லேன். கலைகளைக் கற்றுப் பாடசாலையொன்றை நடத்தி வருபவன். எனினும் இவ்வினாவுக்கு அறிஞர்கள் விடை கண்ட வரலாறு நம்மனோர்க்கும் விளங்கக்கூடியதே.

லண்டன் மாநகரில் கைஸ் மருத்துவமனையிற் பணியாற்றிய றிச்சாட் பிறைட் என்னும் மருத்துவர், சிறுநீரகம் கெட்டு இறந்த நூறு பேரைப் பற்றிய குறிப்புக்களை 1836ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர்களிற் பலருடைய இருதயம் பருத்திருந்ததை அவர் கண்டார். இருதய வாயில்களிற் பழுது எதுவும் இல்லாதபோதும் அது ஏன் பருத்தது? குருதியின் தன்மை மாறியமையால் நுண்ணிய குழாய்கள் பாதிக்கப்பட்டு, அவற்றினூடே குருதியைச் செலுத்த இருதயம் மிகுதியாக உழைக்க நேர்ந்திருக்கலாம் என்று அவர் ஊகித்தார். கையிற் பட்டி கட்டிக் குருதியமுக்கத்தை அளக்கும் கருவி 1896ஆம் ஆண்டிலேதான் வந்தது என்பதை நினைத்தால், அவ்வூகத்தின் கூர்மை வியப்பைத் தருகின்றது.

சிறுநீரகமே குருதிக் குழாய்களாலான ஓர் உறுப்பு என்று கூறினும் தவறாகாது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறையப் பத்து இலட்சம் நுண்குழாய் முடிச்சுக்கள் உள்ளன. இருதயம் வெளியேற்றும் குருதியில் ஐந்திலொரு பங்கு இவ்விரு சிற்றுறுப்புக்களுக்கும் செல்கின்றது. நாளொன்றுக்கு 180 லீற்றர் நீர் அங்கே வடிக்கப்படுகின்றது. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் முதலிற் கெடுப்பது இந்த முடிச்சுக்களையே. நம் நாட்டின் வடமத்திய மாகாணத்திலே 1990களிலிருந்து கமக்காரரை வாட்டிவரும், காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் வேறு வழியில் வருவது. எவ்வழியில் வந்தாலும், சிறுநீரகத்தின் தொழில் குன்றிய பின்னர் உடலெங்குமுள்ள குழாய்கள் தாக்குறுகின்றன.

இனி அக்குழாயின் உட்புறத்தைச் சற்று நோக்குவோம். அங்கே ஒரேயொரு கலத்தின் தடிப்பே கொண்ட மெல்லிய படை ஒன்று உண்டு. அதனை அகவணி என்பர். நெடுங்காலமாக அதனை வெறும் பூச்சு என்றே அறிஞர்கள் கருதியிருந்தனர். நியூயோர்க்கிலே றொபேட் ஃபேர்ச்கொற் என்பவர் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரே மருந்து சில துண்டுகளைச் சுருக்கியது, வேறு சிலவற்றைத் தளர்த்தியது. சுருங்கிய துண்டுகளில் அகவணி உரசுண்டு அழிந்துபோயிருந்தமையே காரணம் என்று 1980ஆம் ஆண்டில் அவர் வெளிப்படுத்தினார். அப்படை ஏதோ ஒரு பொருளைச் சுரந்தே குழாய்ச் சுவரின் தசையைத் தளரச் செய்கின்றது! அப்பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயு என்பது பின்னர் தெரியவந்தது. 1998இல் அவரும் இன்னும் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர். நாம் ஓடும்போது காற்தசைகளுக்குக் கூடுதலான குருதி பாய்வதற்கும், குருதி குழாய்க்குள் உறையாதிருப்பதற்கும் இவ்வாயு துணைபுரிகின்றது.

சிறுநீரகம் செயலிழந்தவரிடத்து இந்த அகவணி சோர்ந்துவிடுகின்றது. 1992ஆம் ஆண்டில் லண்டனிற் பற்றிக் வலன்ஸ் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் அதன் காரணங்களுள் ஒன்றைக் காட்டினர். நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்கும் நொதியத்தைத் தடுக்கின்ற பொருளொன்று நம் எல்லோருடைய உடலிலும் சிறிதளவு தோன்றுகின்றது. சிறுநீரகம் நலமாயின் அது தேங்குவதில்லை. நலிந்துவிட்டாலோ குருதியிலே சேர்ந்து, குழாய்கள் விரிய வேண்டிய நேரத்தில் விரியாதவாறு செய்கின்றது. பிறைட் மாறிய குருதி என்று சொன்னதற்கு 156 ஆண்டுகளின் பின்னர் ஒரு பொருள் கிடைத்தது எனலாம்.

மற்றொரு கேடு இதனினும் கொடியது. நலமான பெருநாடி இறப்பர்க் குழாயைப் போன்றது. இருதயம் சுருங்கும்போது அது விரிந்து குருதியை ஏற்கும். இருதயம் ஓயும்போது மீளச் சுருங்கிக் குருதியை முன்னே தள்ளும். இருதயத்தின் சொந்தத் தசைக்கு வேண்டிய குருதி பெரும்பாலும் அந்த ஓய்வு வேளையிலேதான் கிடைக்கின்றது. சிறுநீரகம் குன்றினால் உணவிலுள்ள பொசுபேற்று வெளியேறாது தேங்கும். கல்சியத்தின் சமநிலையும் குலையும். அந்நிலையில் நாடிச் சுவரின் தசைக்கலங்கள் தம் இயல்பை விட்டு என்பாக்கும் கலங்களைப்போல நடக்கத் தொடங்கி, சுவரினுள்ளே சுண்ணத்தைப் படிய வைக்கின்றன. இறப்பர்க் குழாய் இருந்த இடத்தில் இரும்புக் குழாய் வந்து அமைந்தாற்போல! இருதயம் ஒவ்வோர் அடிக்கும் வலிந்து தள்ள வேண்டியதாகின்றது. தனக்குரிய குருதியோ குறைகின்றது. சிலருடைய மணிக்கட்டை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தால் நாடியின் இரு ஓரங்களும் தண்டவாளம்போல வெண்மையாகத் தெரியும்.

இது முதுமையின் விளைவுதானே என்று கூறுவோர் உளர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்று, இயந்திரச் சிகிச்சை பெற்ற இளைஞரை நோக்கியது. 20 முதல் 30 வயது வரையுள்ள 16 பேரில் 14 பேருக்கு இருதய நாடிகளிற் சுண்ணம் படிந்திருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த நலமானவர் 60 பேரில் மூவருக்கு மாத்திரமே அது காணப்பட்டது.

குருதிக் குழாய்க்கும் இந்நோயாளருக்கும் இன்னுமோர் உறவு உண்டு. அவர்கள் உயிர் வாழ்வதே ஒரு குழாயைப் பொறுத்தது. ஒல்லாந்திலே வில்லெம் கொல்ஃப் 1943இல் குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தைச் செய்து நோயாளருக்குப் பயன்படுத்தினார். ஆயினும், ஒவ்வொரு முறையும் ஒரு நாடியையும் நாளத்தையும் வெட்டித் திறக்க வேண்டியிருந்தமையால், சில முறைக்குப் பின் திறப்பதற்கு இடமின்றிப் போயிற்று. நியூயோர்க் மருத்துவர்கள் 1966இல் வெளியிட்ட முறையே இன்றும் சிறந்ததாக மதிக்கப்படுகின்றது. மணிக்கட்டருகே நாடியை நாளத்துடன் தைத்து இணைத்துவிடுவர். விசையோடு பாயும் குருதியை உணர்ந்து அகவணி நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்க, நாளம் சில வாரங்களில் விரிந்து தடித்து, ஊசி ஏற்றத் தகுதியாகின்றது. அகவணி சோர்ந்தும் நாடி சுண்ணமேறியும் உள்ளவரிடத்தோ இவ்விணைப்புப் பலவேளைகளில் முதிராது போகின்றது.

எமது பாடசாலையிற் கணிதம் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவருக்கு முதலிற் செய்த இணைப்புப் பயன்படவில்லை. முன்னைய ஆண்டுகளில் வேறு வேறு நோய்களுக்காக அக்கையிலேயே பலமுறை ஊசி குத்தியும் சேலைன் ஏற்றியும் நாளங்கள் தழும்பேறியிருந்தன. இரண்டாம் முறை முழங்கைக்கு மேலே செய்தது பலித்தது. அவரைக் காணச் சென்றிருந்த வேளை, “அதிபர், இதில் விரலை வைத்துப் பாருங்கள்” என்றார். உறங்கும் பூனையின் மேனியிற் கை வைத்தாற்போல் ஓர் அதிர்வு ஓடியது. அன்று குருதி எடுக்க வந்த இளந்தாதி அக்கையைப் பற்றியபோது, “பிள்ளை, அந்தக் கை வேண்டாம், மற்றக் கையின் புறங்கையில் எடு” என்று, வகுப்பறையிற் சொல்லும் அதே தொனியிற் சொன்னார். நோயாளி இவ்வாறு வாய்திறந்து சொல்வதை மரியாதைக் குறைவு என்று எண்ணுவோர் நம்மிடையே மிகுதி. எனக்கு அது தேவையான பேச்சாகவே பட்டது.

சிறுநீரகம் குன்றிவருகின்றது என்று மருத்துவர் கூறிய நாள்தொட்டே, எழுதாத கையின் நாளங்களைக் காத்துவைத்தல் வேண்டும். குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் அடக்கி வைப்பதும், புகைத்தலை விடுவதும் யாவரும் அறிந்தவை. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கருவாட்டையும் ஊறுகாயையும் தட்டில் வைத்துக்கொண்டு அக்கணக்கை எட்டுதல் அரிது. தகரத்தில் அடைத்த இறைச்சியிலும் கோலாப் பானங்களிலும் சேர்க்கப்படும் பொசுபேற்று, பருப்பிலும் பயற்றிலும் இயல்பாக உள்ளதைவிட எளிதாக உடலிற் சேர்கின்றது. பொசுபேற்றைக் குறைப்பதற்கென மருத்துவர் தரும் குளிசையைப் பெரும்பாலும் உணவோடு சேர்த்தே விழுங்குதல் வேண்டும். வெறுவயிற்றில் விழுங்கினால் அது பற்றிக்கொள்ள அங்கே எதுவும் இராது.

இணைப்புச் செய்த கையில் இறுக்கமான காப்போ கடிகாரமோ அணியலாகாது. பாரம் தூக்குதலும், அக்கையைத் தலைக்கு அணையாக வைத்து உறங்குதலும் ஆகா. குருதியமுக்கம் அளக்கவும் அக்கையைக் கொடுக்கலாகாது. காலையில் எழுந்தவுடன் விரல் வைத்து அவ்வதிர்வைப் பார்த்தல் வேண்டும். அது நின்றிருந்தால், அடுத்த சிகிச்சை நாள் வரட்டும் என்று பொறுத்திராமல், அன்றைக்கே சிகிச்சை நிலையத்துக்குச் செல்லுதல் வேண்டும். உறைந்த குருதியைச் சில மணி நேரத்துள் அகற்றினால் அவ்விணைப்பை மீட்கக்கூடிய வாய்ப்பு உண்டு.