பெயர் எழுதிய அட்டை



வறுமை என்றால் என்ன? கேட்டவுடன் நாம் சொல்வோம்: கையில் காசு இல்லாததுதான் வறுமை. அது சரிதான். ஆனால் உழைக்கிறவர்களும் ஏழையாக இருக்கிறார்களே, ஏன்? விடியும் முன்பே எழுந்து, பொழுது சாயும்வரை பாடுபடுகிறவர் வீட்டில் அரிசிப் பானை ஏன் காலியாக இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பெங்களூரு நகரத்து மக்கள் ஒரு பதில் சொல்கிறார்கள். அவர்கள் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் மக்கள். அவர்களில் கன்னடம் பேசுவோர் உண்டு. தமிழ், தெலுங்கு, உருது பேசுவோரும் உண்டு. மொழி பல. பாடு ஒன்று.

அவர்கள் வேலையைப் பாருங்கள். தோளில் ஒரு சாக்குப் பை. கையில் ஒரு கம்பி. தெருத் தெருவாக நடப்பார்கள். காகிதம், அட்டை, பால் கவர், தண்ணீர் பாட்டில், இரும்பு, கண்ணாடி எல்லாவற்றையும் பொறுக்குவார்கள். சாயங்காலம் காயலான் கடையில் போடுவார்கள். அங்கிருந்து அந்தச் சரக்கு தொழிற்சாலைக்குப் போகும். பழைய காகிதம் புதுக் காகிதம் ஆகும். பழைய இரும்பு புது இரும்பு ஆகும். இவர்கள் பொறுக்காவிட்டால் அவ்வளவும் குப்பை மேட்டுக்குப் போயிருக்கும். அதை லாரியில் ஏற்றிச் செல்லும் செலவும் மாநகராட்சியின் தலையில் விழுந்திருக்கும்.

இத்தனை செய்தும் ஏன் ஏழை?

முதல் காரணம், கடன். அவசரத்துக்குக் கடைக்காரரிடம் முன்பணம் வாங்குவார்கள். பிறகு அவர் சொன்னதுதான் விலை. அவர் நிறுத்ததுதான் எடை. இரண்டாவது காரணம், பயம். விடிகாலையில் சாக்குப் பையோடு நடந்தால் திருடர் என்று சந்தேகப்படுவார்கள். பையைப் பிடுங்குவார்கள், விரட்டுவார்கள். மூன்றாவது காரணம், கணக்கில் இல்லாமை. பலருக்கு ரேஷன் கார்டு இல்லை. வங்கிக் கணக்கு இல்லை. எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. பெயர் இல்லாதவருக்கு எந்தத் திட்டம் வந்து சேரும்?

இந்த மக்கள் ஒன்றுசேரத் தொடங்கினார்கள். 'ஹசிரு தளா' என்ற அமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது. ஹசிரு என்றால் கன்னடத்தில் பச்சை. தளா என்றால் படை. பச்சைப் படை! அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நளினி சேகர். அவர் அதற்கு முன் புனே நகரத்தில் இதே தொழில் செய்வோரிடையே பணியாற்றியவர். புனேயில் 1993-லேயே குப்பை பொறுக்குவோர் சங்கம் அமைத்துவிட்டார்கள். ஓர் ஊரில் கற்ற பாடம் இன்னோர் ஊருக்கு உதவியது.

பெங்களூரு மக்கள் முதலில் என்ன கேட்டார்கள்? பணம் கேட்டார்களா? இல்லை. இலவசம் கேட்டார்களா? இல்லை. "நாங்கள் செய்வது வேலை. எங்களைத் தொழிலாளர் என்று பதிவு செய்யுங்கள்" என்பதுதான் அவர்கள் கோரிக்கை.

2011-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் மக்கள் நீதிமன்றத்தில் இது பேசப்பட்டது. குப்பை பொறுக்குவோரைக் கணக்கெடுக்க வேண்டும், அடையாள அட்டை வழங்க வேண்டும் என்று மாநகராட்சிக்குச் சொல்லப்பட்டது. மாநகராட்சி அட்டை வழங்கியது. அதில் படம் இருந்தது. பெயர் இருந்தது. மாநகராட்சியின் முத்திரை இருந்தது. காலப்போக்கில் பல ஆயிரம் பேர் அந்த அட்டையைப் பெற்றார்கள்.

ஓர் அட்டை சோறு போடுமா என்று கேட்கலாம். நேராகப் போடாது. ஆனால் சோற்றுக்குப் போகும் வழியைத் திறக்கும். யாராவது மறித்தால் அட்டையைக் காட்டலாம். வங்கியில் கணக்குத் தொடங்க அது உதவும். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு மனுப் போட உதவும். "நீ யார்?" என்ற கேள்விக்குக் கையில் ஒரு பதில் வந்துவிட்டது அல்லவா?

அடுத்த ஆண்டே நகரத்துக்குப் பெரிய சோதனை வந்தது. நகரத்துக் குப்பையைப் பக்கத்துக் கிராமங்களில் கொட்டி வந்தார்கள். மாவள்ளிபுரா கிராமத்தில் நாற்றம் தாங்க முடியவில்லை. தண்ணீர் கெட்டது. ஊரார் போராடினார்கள். 2012-இல் அங்கே கொட்டுவது நின்றது. நகரத் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. பின்னர் மண்டூர் கிராம மக்களும் போராடினார்கள். 2014-ஆம் ஆண்டு இறுதியில் அங்கும் கொட்டுவது நின்றது.

அப்போதுதான் ஓர் உண்மை நகரத்துக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் கலந்து கொட்டினால் அது குப்பை. பிரித்து வைத்தால் அது சரக்கு. பிரிக்கத் தெரிந்தவர்கள் யார்? அந்தச் சாக்குப் பைக்காரர்கள்தான்!

மாநகராட்சி வார்டுகளில் உலர் குப்பை மையங்களை அமைத்தது. அவற்றில் பலவற்றை நடத்தும் பொறுப்பு குப்பை பொறுக்கியவர்களிடமே வந்தது. பிளாஸ்டிக்கில் பல வகை உண்டு. தண்ணீர் பாட்டில் ஒரு வகை, பால் கவர் ஒரு வகை, வாளி ஒரு வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. தொட்டுப் பார்த்தும், கசக்கிச் சத்தம் கேட்டும் வகை சொல்லுவார்கள். அது எந்தப் பள்ளியும் கற்றுத் தராத படிப்பு. சுத்தமாகப் பிரித்து மொத்தமாக விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். ஆனால் மையம் நடத்தினால் எடையை எழுத வேண்டும். ரசீது படிக்க வேண்டும். வரவு செலவு பார்க்க வேண்டும். எழுத்தும் எண்ணும் இங்கே சோற்றுக்கு வழி ஆகின்றன.

2015-இல் பாரிஸ் நகரில் உலகப் பருவநிலை மாநாடு நடந்தது. பெங்களூருவில் இப்படி ஒரு மையம் நடத்திய தொழிலாளி ஒருவர் அதற்குப் போய் வந்தார். குப்பைத் தொட்டியிலிருந்து உலக மன்றம்வரை!

அப்படியானால் வறுமை ஒழிந்துவிட்டதா? இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். 2014-ஆம் ஆண்டு இறுதியில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. எண்ணெயிலிருந்துதான் பிளாஸ்டிக் செய்கிறார்கள். புதுப் பிளாஸ்டிக் மலிந்தால் பழைய பிளாஸ்டிக்கை யார் வாங்குவார்? அதன் விலையும் விழுந்தது. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தது. காயலான் கடைகள் மூடின. அன்றாடம் சம்பாதித்தவர்களின் வருமானம் நின்றது. இன்றும் அட்டை இல்லாமல், கையுறை இல்லாமல் தெருவில் பொறுக்குவோர் இருக்கிறார்கள். இனியும் செய்ய வேண்டியது நிறைய.

ஆனாலும் வழி தெரிந்துவிட்டது. 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு விதிகளில் குப்பை பொறுக்குவோருக்கு இடம் கிடைத்தது. அவர்களை உள்ளாட்சி அமைப்புகள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லின. 2024-இல் மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டத்திலும் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். கணக்கெடுப்பது, அட்டை கொடுப்பது, மருத்துவக் காப்பீடு தருவது எல்லாம் அத்திட்டத்தில் உண்டு. புனேயிலும் பெங்களூருவிலும் மக்கள் கேட்டது இன்று நாட்டின் திட்டத்தில் இருக்கிறது.

இதில் நம் பங்கு என்ன? நம் வீட்டில் ஈரக் குப்பையைத் தனியாக வைக்கலாம். உலர்ந்த குப்பையைத் தனியாக வைக்கலாம். நாப்கினையும் குழந்தையின் டயப்பரையும் காகிதத்தில் சுற்றி, சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாகக் கொடுக்கலாம். அதைத் தொடுவதும் ஒரு மனிதரின் கைதானே?

இன்னொன்றும் உண்டு. வீட்டு வேலை செய்வோர், கட்டட வேலை செய்வோர், நடைபாதையில் வியாபாரம் செய்வோர் நம் தெருவிலும் இருக்கிறார்கள். நம்மிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? கட்டடத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. நடைபாதை வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இவற்றில் நாம் பதிவு செய்துவிட்டோமா? இன்று இதைக் கேட்டுப் பாருங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். பத்துப் பேராகப் போங்கள்.

இரக்கப்பட்டுத் தரும் காசு ஒரு வேளைப் பசி தீர்க்கும். வேலையை வேலை என்று ஒப்புக்கொண்டு, அதற்கு உரிய கூலி கொடுத்தால்தான் வறுமை தீரும். அதற்கு முதல் படி, நம் பெயர் கணக்கில் ஏறுவது.