அவையில் கேள்வியும் அலுவலகத்தில் பதிவேடும்



பொதுச்சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்துவதைத் தடுத்தலாகாது என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானம் கொணர்ந்தார். அவை ஏற்றது, அரசாணையும் பிறந்தது. ஆயினும் ஆணை பிறந்த அன்றே கிணறுகள் திறந்துவிடவில்லை. தீர்மானம் பாதி வேலை. அது நடந்ததா என்று ஆட்சியாளரைக் கேட்பது மறுபாதி.

இன்று நம்முன் நிற்கும் பஞ்சமி நிலச் சிக்கலும் அத்தகையதே. செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரெமன்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892-இல் நம் மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிடப்பட்டது. பத்தாண்டுகள் விற்றலாகாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்டோர்க்கன்றிப் பிறர்க்கு விற்றலாகாது என்பது நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் இருக்கிறது; நிலமோ பல ஊர்களில் பிறர் கையில் இருக்கிறது.

“பஞ்சமி நிலம் எங்கே?” என்று பொதுப்படக் கேட்டால், “விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது” என்பதே விடையாக வரும். (நாம் கேட்டுப் பழகிய விடைதான்!) ஆதலால் கிராமம், புல எண், பரப்பு, இப்பொழுது பட்டா யார் பெயரில் என்று வகுத்துக் கேட்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணம் செலுத்தி இவ்விவரங்களை நாமே கோரலாம். கிடைத்ததை நம் தொகுதி உறுப்பினரிடம் ஒப்படைப்போம். தகவல் அலுவலர் ஏட்டில் உள்ளதைத்தான் தருவார். நிலத்தை ஏன் மீட்கவில்லை என்பதற்கு அவையில் அமைச்சரே எழுந்து விடை கூற வேண்டும்.

அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னரே, ஊருக்கு இருவராக இளைஞர்கள் இப்பணியைத் தொடங்க வேண்டுகிறோம்.