‘டி’ எழுதிய பொத்தான்



காத்தோங், சிலோன் ரோட்டில் இருக்கும் செண்பக விநாயகர் கோயிலுக்குப் போய்விட்டு வெளியே வந்தால், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. குடை இருந்தும் முழங்கால்வரை நனைந்து, ஜூ சியாட்டில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். பழைய கடைவீடு. தீபாவளிக்குப் போட்ட சரவிளக்கு இன்னும் வாசலில் தொங்குகிறது. அதன் வயர் சன்னல் வழியாக உள்ளே வந்து, தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருக்கிறது. பெட்டிக்கு ஒரு சாண் தள்ளிச் சாரல் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

“இதைக் கழற்றிடலாமே பெரியம்மா” என்றேன்.

“சிங்கப்பூர்ல கரண்ட் அடிச்சு யாருடா செத்தா? அதெல்லாம் ஊர்லதான்.”

அவர் சொன்னதில் பாதி சரி. 2017 நவம்பரில் சென்னை கொடுங்கையூரில், மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். இங்கே மின்கம்பிகள் மண்ணுக்கடியில் போகின்றன. தலைக்கு மேல் அறுந்து விழ ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ, பயமே விட்டுப்போய்விட்டது. ஆனால் வீட்டுக்குள் வருவது அதே 230 வோல்ட்தான். ஈரக் காலுக்கு ஊர் வித்தியாசம் தெரியாது.

மின்பெட்டியைத் திறந்து பார்த்தேன். வரிசையாகச் சின்ன சுவிட்சுகள். பாரம் கூடினால் விழுமே, அவை கம்பியைக் காப்பவை. ஆளைக் காப்பது பக்கத்தில் சற்று அகலமாக இருக்கும் ஆர்சிசிபி. அது ஒரு கறாரான கணக்குப்பிள்ளை. வீட்டுக்குள் போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஒருவர் உடம்பு வழியாகவும் கசியலாம். வீடுகளில் பொதுவாக இருப்பது, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

1985 ஜூலை முதல் புது வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முந்திய வீடுகளுக்கும் எரிசக்திச் சந்தை ஆணையம் கெடு வைத்தது. 2025 ஜூலை 1ஆம் தேதியோடு அது முடிந்துவிட்டது. உங்கள் பெட்டியில் இல்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். கைவேலை தெரிந்த மச்சானைக் கூப்பிடாதீர்கள்.

பெரியம்மா வீட்டில் ஆர்சிசிபி இருந்தது. அதில் ‘டி’ என்று ஆங்கில எழுத்துப் போட்ட ஒரு பொத்தான். வேலை செய்கிறதா என்று சோதிக்க வைத்தது அது. மாட்டிய நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை. கையை நன்றாகத் துடைத்துவிட்டு அழுத்தினேன். டக். வீடே இருட்டு. “நாடகம் ஓடிக்கிட்டு இருக்குடா!” என்று உள்ளேயிருந்து சத்தம். எனக்கோ நிம்மதி. விழாமல் இருந்திருந்தால்தான் கவலை.

ஆர்சிசிபி இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடவும் முடியாது. ஒரு கை லைவ் கம்பியிலும் மறு கை நியூட்ரல் கம்பியிலும் பட்டால், கணக்குச் சரியாகவே இருக்கும், அது விழாது. ஆகவே, வெளியில் போடுவதற்கென்று செய்யாத சரவிளக்கை மழையில் விடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால், மெயின் சுவிட்சுக்குப் போகும் வழி காய்ந்திருந்தால் மட்டும் அணையுங்கள். தண்ணீரில் நடந்து போக வேண்டியிருந்தால் வெளியேறிவிடுங்கள். யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயினை அணைத்து, உடனே 995ஐ அழையுங்கள்.

நாளைப் பகலில், கணினியை அணைத்து வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவிட்டு, அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நாடக நேரத்தில் மட்டும் வேண்டாம்.