பொக்கெவெல்டுப் பண்ணைகள்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்குப் போகிறவர்கள் மேசை மலையையும் கடற்கரையையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். நாம் இன்று கடலை விட்டு விலகி, உள்நாட்டுக்குள் போவோம். ஏறக்குறைய 130 கிலோமீட்டர் போனால் சீரஸ் என்ற ஊர் வரும். அதைத் தாண்டியதும் கைடோ கணவாய் ஏற்றம். வளைந்து வளைந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் கண்முன்னே ஒரு மேட்டுச் சமவெளி விரியும். குளிர் பொக்கெவெல்ட் என்று அதற்குப் பெயர். ஆப்பிளும் பேரிக்காயும் காய்க்கிற தோட்டங்கள், நடுநடுவே நீர்த்தேக்கங்கள், மாரிக்காலத்தில் சுற்றிலும் பனி மூடிய மலைமுகடுகள். கப்பல் ஏறி உலகமெங்கும் போகிற பழம் இங்கே விளைகிறது.

ஒரு காலத்தில் இது கேப் குடியேற்றத்தின் எல்லைப்புறம். 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கடற்கரையில் கோட்டை கட்டியது. கொஞ்ச காலத்திலேயே குடியேறிகள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு உள்ளே நகர ஆரம்பித்தார்கள். அவர்கள் பண்ணை அளந்த விதத்தைக் கேளுங்கள். ஒரு நீரூற்றின் அருகே நடுப்புள்ளி வைப்பார்கள். அங்கிருந்து குதிரையை நடைபோட விட்டு, ஒவ்வொரு திசையிலும் அரை மணி நேரம் போவார்கள். அந்த வட்டத்துக்குள் அடங்கியதெல்லாம் ஒரே குடும்பத்தின் பண்ணை. சுமார் 6000 ஏக்கர்! கம்பெனிக்கு ஆண்டு வாடகை 24 ரிக்ஸ்டாலர். அந்த நீரூற்றில் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் குடித்து வந்த கொய்கொய், சான் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்த்த சான் மக்கள்மீது 1774இல் பெரும் ஆயுதப்படையே கிளம்பியது. பெரியவர்களைச் சுட்டார்கள். பிள்ளைகளைப் பிடித்துப் பண்ணை வேலைக்குக் கொண்டுபோனார்கள்.

வேலைக்கு இன்னொரு வழி அடிமைகள். 1658 முதல் 1808 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கேப்பில் இறக்கினார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், பிறகு நம் இந்தியா. வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என்று பிறந்த சீமையை ஒட்டியே அவர்களுக்குப் பெயர் எழுதினார்கள். 1659 தொடங்கி 1661 வரை பீஜப்பூர்ப் படைகளின் சூறையால் தஞ்சைச் சீமை சீரழிந்தபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக்காரர்கள் வாங்கிய மனிதர்கள் எண்ணாயிரத்துக்குக் குறையாது. பெரும்பாலோர் இலங்கைக்கும் சிலர் இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கும் போனார்கள். அதே கம்பெனியின் கப்பல்களில் சோழமண்டலக் கரை மனிதர்கள் கேப்புக்கும் வந்து சேர்ந்தார்கள். அவர்களின் ரத்தமும் இந்த மண்ணின் மக்களில் கலந்திருக்கிறது என்பதைத் தமிழர்களாகிய நாம் மறக்கக்கூடாது.

எல்லைப்புற அடிமைத்தனம் என்றதும் அமெரிக்கப் பருத்திக் காடுகளில் நூறு பேர் வரிசையாக நிற்கிற காட்சி மனதில் வரும். இங்கே அப்படி இல்லை. ஒரு வீடு, ஒரு குடும்பம், சில அடிமைகள், சில கொய்கொய் கூலியாட்கள். அடிமைப் பெண் எஜமானியின் குழந்தையைத் தூக்கி வளர்ப்பாள். இரவு அடுப்படித் தரையில் படுப்பாள். குளிர்காலம் வந்தால் எல்லாரும் ஒன்றாக மந்தையை ஓட்டிக்கொண்டு கீழே கரூ வெளிக்கு இறங்குவார்கள். இதை வைத்து, கேப்பில் அடிமைத்தனம் மென்மையாக இருந்தது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஏற்புடையது அல்ல. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவருக்கு எஜமானின் கண்ணுக்கு மறைந்த ஒரு மூலைகூடக் கிடையாது. நீதிபதியோ மலைக்கு அப்பால், பல மணி நேரக் குதிரைப் பயணத் தொலைவில்.

இதே பொக்கெவெல்டில் வில்லெம் ஃபான் டெர் மெர்வ என்பவரின் பண்ணையில் கலாண்ட் என்ற அடிமை இருந்தார். அதற்குள் கேப் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தது. 1823இல் ஆங்கிலேய ஆளுநர் சாமர்செட் பிரபு, அடிமைகளின் வேலை நேரத்துக்கும் சாட்டையடிக்கும் வரம்பு வைத்து ஆணை போட்டிருந்தார். செய்தித்தாள் சேதியை வீட்டார் பேசுவது அடுப்படியில் நிற்பவர் காதில் விழும். புத்தாண்டுக்குள் விடுதலை வரும் என்ற பேச்சு பண்ணைக்குப் பண்ணை பரவியது. அறுவடை வந்தது. மாடு கட்டிப் போரடிப்பதுபோல அங்கே குதிரைகளை விட்டுக் கோதுமைக் கதிரை மிதிக்கவைப்பார்கள். வெயிலில் களத்து வேலை ஓயவில்லை, புத்தாண்டும் கழிந்தது, விடுதலை வரவில்லை.

1825 பிப்ரவரி 1 அன்று கலாண்டும், வில்லெமின் சகோதரர் வீட்டு அடிமையான ஏபெலும், இன்னும் சில அடிமைகளும் கொய்கொய் ஆட்களும் துப்பாக்கி எடுத்தார்கள். வில்லெமும், பள்ளி ஆசிரியர் ஒருவர் உட்பட வேறு இருவரும் செத்தார்கள். கூட்டத்தைச் சில நாளில் பிடித்துவிட்டார்கள். விசாரணையில் கலாண்ட் பேசினார். ஓயாத அடியைப் பற்றிச் சொன்னார். தன் குழந்தையே எஜமானின் அடியால் செத்தது என்றார். முறையிடப் போயும் நியாயம் கிடைக்கவில்லை என்றார். அவரையும் ஏபெலையும் தூக்கிலிட்டு, தலைகளை இரும்பு முனையில் குத்தி, வழிப்போக்கர் கண்ணில் படும்படி நட்டுவைக்கத் தீர்ப்பானது.

அந்த வாக்குமூலங்கள் பிற்காலத்தில் அச்சேறின, இன்றும் படிக்கலாம். ஆந்த்ரே பிரிங்க் 1982இல் வெளியிட்ட ‘எ செயின் ஆஃப் வாய்சஸ்’ என்ற நாவல் இந்தச் சம்பவத்திலிருந்து பிறந்தது. எழுதத் தெரியாத ஓர் அடிமையின் பேச்சை, அவரைக் கொன்ற நீதிமன்றமே காப்பாற்றி வைத்துவிட்டது.

1834 டிசம்பர் 1இல் சட்டப்படி விடுதலை வந்தது. ஆனால் பயிற்சிக்காலம் என்ற பெயரில் இன்னும் நான்கு ஆண்டு அதே எஜமானிடம் வேலை. நஷ்டஈடு? கொடுத்தார்கள், அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு! விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காணி நிலம்கூட இல்லை. பலர் பண்ணைகளிலேயே கூலிகளாகத் தங்கினார்கள். கேப் பண்ணைகள் பலவற்றில் கூலியின் ஒரு பகுதியை மதுவாக ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. குடும்பம் குடும்பமாக அது மக்களைச் சீரழித்தது.

பிப்ரவரியில் இந்தப் பக்கம் போனால் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும். தோட்டத்தில் ஏணிமேல் நிற்கிறவர்களிடம் பெயர் கேட்டுப் பாருங்கள். செப்டம்பர், பெப்ரவரி என்று மாதங்களைக் குடும்பப் பெயராகச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். அடிமைகளுக்கு அன்று எஜமானர்கள் இட்ட பெயர்கள் அவை.