நிர்வாகத் திறமைக்குத் தேவை பட்டமே!

(ஜூஜுவாடி பட்டிமன்றம். தலைப்பு: ‘நிர்வாகத் திறமைக்குப் பெரிதும் தேவை பட்டமா? பட்டறிவா?’ ‘பட்டமே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, பட்டறிவாலே எங்களை அடித்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற ஜூஜுவாடிப் பெருமக்களே, தாய்மார்களே!

இந்த ஊர் எல்லையிலே காலை வச்சதும் என் செல்போன்ல செய்தி வருது, கர்நாடகத்துக்கு நல்வரவுன்னு. நான் தமிழ்நாட்டுலதான்யா நிக்கிறேன்! (சிரிப்பு) டீக்கடைக்காரர் தமிழ்ல விலை சொல்றார், தெலுங்குல பாக்கி கேக்கறார், கன்னடத்துல போன் பேசறார். மூணு மொழியில கடை நடத்தறவருக்கு எதுக்குய்யா எம்.பி.ஏ.ன்னு எதிரணித் தலைவர் கேட்டார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். நல்லா பேசினா தட்டணுமில்ல?

ஆனா அடுத்துப் பேசின நண்பர் மதுரைக்குப் போனார் பாருங்க, அங்கேதான் மாட்டிக்கிட்டார். அரவிந்த் கண் மருத்துவமனை. அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சார். எம்.பி.ஏ. படிச்சாரா? இல்லை. 1908லேயே எம்.பி.ஏ. தொடங்கின அமெரிக்காவின் ஹார்வர்டு, 1993ல அவர் ஆஸ்பத்திரியைப் பாடமா வச்சது. எல்லாம் சரி. ஆனா நண்பர் பாதிக் கதையிலேயே உக்காந்துட்டாரே! மீதிப் பாதியை நான் சொல்றேன். 1980களின் தொடக்கத்துல அதே டாக்டர், கல்கத்தா ஐ.ஐ.எம்.ல படிச்ச ஆர்.டி. துளசிராஜைக் கொண்டுவந்து நிர்வாகத்துல வச்சார். ஏன்? கத்தி பிடிக்கிற கை தன்னுடையது. வரிசையில நிக்கிற ஆயிரம் பேருக்கும் கட்டில், மருந்து, நர்ஸ், கணக்கு எல்லாம் நேரத்துக்கு வர்றது வேற வித்தைன்னு அந்தப் பெரிய மனுஷருக்குத் தெரிஞ்சிருந்தது. (கைதட்டல்) பட்டறிவு முத்தினவர்தான் முதல்ல பட்டத்தைத் தேடினார்!

எதிரணிச் சகோதரி இந்தப் பகுதிக் கதையே ஒண்ணு சொன்னாங்க. டைட்டன் கடிகாரக் கம்பெனிக்கு வேலை செய்ய, 1990களில் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து ‘மீடோ’ன்னு சொந்தக் கம்பெனி அமைச்சாங்க. அவங்களே பங்குதாரர்கள். கேக்கவே பெருமையா இருக்கு. ஆனா அம்மா, அந்தப் பெண்களைக் குழுவாச் சேர்த்து, கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் பழக்கினது மைராடா என்கிற தொண்டு நிறுவனம். சொல்லிக் கொடுத்தாங்க, கத்துக்கிட்டாங்க. நான் கேக்கறதும் அதுதானே? நிர்வாகம் சொல்லிக் கொடுக்கக்கூடிய விஷயமா இல்லையா? இல்லைன்னா வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’னு ஒரு அதிகாரத்தை எதுக்கு எழுதி வச்சார்? எந்த வேலையை யாரிடம் கொடுக்கணும்னு பத்துக் குறள். பயப்படாதீங்க, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. நடுவருக்கும் ஏதாவது மிச்சம் வைக்கணும். (சிரிப்பு)

இப்போ நம்ம ஓசூருக்கே வர்றேன். டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்துக்குப் பல ஆண்டு தலைவரா இருந்தவர் வேணு சீனிவாசன். பள்ளிக்கூட விடுமுறையில மெக்கானிக் வேலை பழகினவர். கிண்டியில இன்ஜினீயரிங் படிச்சார். அதுக்கப்புறமும் அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகத்துக்குப் போய் நிர்வாகத்துல முதுகலைப் பட்டம் வாங்கினார். அவர் வீட்டுல சாப்பாட்டு மேசையில பேசறதே நிர்வாகப் பாடமா இருந்திருக்கும்! அவருக்கே பட்டம் தேவைப்பட்டது. முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு அப்பா இருக்கார், சித்தப்பா இருக்கார். சிப்காட்டுல மூணு ஷிஃப்ட் பாக்கற தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு யாரய்யா இருக்கா? அவன் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துல அப்பா நைட் ஷிஃப்ட்ல இருக்கார்! (பலத்த கைதட்டல்)

ஓசூர் சிப்காட் 1970களில் வந்தது. பெங்களூர் ஐ.ஐ.எம். 1973ல வந்தது. ரெண்டும் ஒரே வயசுப் பிள்ளைங்க. நடுவுல ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். நம்ம பிள்ளைங்க அந்த 30 கிலோமீட்டரை எப்படித் தாண்டறது?

எதிரணியில ஒரு உண்மையும் சொன்னாங்க, மறுக்க மாட்டேன். வாசல்ல பெரிய போர்டு, நூலகத்துல பூட்டு, பாடம் நடத்த ஆளில்லை, இப்படியும் சில கல்லூரிகள் இருக்கு. லட்சக்கணக்குல கடன் வாங்கிச் சேர்ந்துட்டு, வர்ற சம்பளம் வட்டிக்கே சரியாப் போற பிள்ளைகள் என்கிட்ட வந்து அழுதிருக்காங்க. பெற்றோர்களே, சேர்க்கறதுக்கு முன்னாடி ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. டான்செட் தேர்வு எழுதி, கலந்தாய்வு மூலமாப் போகிற வழி இருக்கு. வெறும் தாளுக்காகப் போகாதீங்க. 2017ல நாடாளுமன்றம் சட்டம் போடற வரைக்கும் ஐ.ஐ.எம்.ல கொடுத்த தாளே பட்டமில்லை, டிப்ளமாதான். யாராவது குறைவா நினைச்சாங்களா? உள்ளே நடந்த பாடத்துக்குத்தான் மதிப்பு.

(மணி)

ஐயா, அடிச்சிட்டீங்க. ஒரே ஒரு பெண்ணைப் பத்திச் சொல்லிட்டு உக்காந்துடறேன்.

என்கிட்ட பி.காம்.ல தமிழ் படிச்ச பொண்ணு. அப்பா இந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில 22 வருஷமா வேலை பாக்கறார். கம்பெனி பேர் வேண்டாம். அங்கே லேத்துல கடைஞ்ச பாகம் அடுத்து ட்ரில்லிங் மெஷினுக்குப் போகணும். அது ஷெட்டோட அந்தக் கோடியில. நடுவுல டிராலியில வச்சுத் தள்ளிக்கிட்டே போகணும். மெஷினைப் பக்கத்துல கொண்டுவந்து போடுங்க சார்னு அவரும் வர்ற சூப்பர்வைசர்கிட்ட எல்லாம் சொல்லிப் பார்த்தார். ‘உன் வேலையைப் பாருய்யா’ன்னுட்டாங்க.

பொண்ணு எம்.பி.ஏ. சேர்ந்தது. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அப்பா கம்பெனியிலேயே அனுமதி கிடைச்சது. மூணு நாள் கையில கடிகாரத்தோட டிராலி பின்னாலேயே நடந்தது. ஒரு ஷிஃப்டுக்கு 40 நடை. நடைக்கு 6 நிமிஷம். மொத்தம் 240 நிமிஷம். எட்டு மணி நேர ஷிஃப்ட்ல நாலு மணி நேரம் ஒரு ஆள் வண்டிதான் தள்ளறார்! இது அப்பாவுக்கே தெரியும். அப்பாவுக்குத் தெரியாத ஒண்ணையும் பொண்ணு சேர்த்தது. அரைகுறையா முடிஞ்ச சரக்கு தரையில தூங்குது, அதுல போட்ட பணமும் சேர்ந்து தூங்குது, பேங்க் வட்டி மட்டும் தூங்கலைன்னு ரூபாயில கணக்குப் போட்டுக் காட்டிச்சு. மேனேஜர் படிச்சார். ஆயுதபூஜை லீவுல மெஷின் இடம் மாறிடுச்சு. (கைதட்டல்)

எதிரணி நண்பர்களே, பட்டறிவு 22 வருஷமா அந்த ஷெட்டுக்குள்ளேயேதான் இருந்தது. யார் காதுலயாவது விழுந்ததா?

அன்னைக்கு ராத்திரி அப்பா ஒண்ணும் பேசலையாம். சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டு வந்து, ‘அந்தப் புஸ்தகத்துல என் பேர் இருக்கா?’ன்னு கேட்டாராம். முழுக்க இங்கிலீஷ். பொண்ணு நன்றி சொல்ற பக்கத்தைப் பிரிச்சு, விரல் வச்சுக் காட்டிச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பார்த்தார். கல்லூரி முதல்வர், துறைத் தலைவர், மேனேஜர் எல்லாருக்கும் அப்புறம் கடைசியா இருந்தது அவர் பேர்.

‘கொஞ்சம் முன்னாடி போட்டிருக்கலாமில்ல’ன்னாராம்.

(கைதட்டல்)